அகச்சிவப்பில் உலரும் பழங்கள்: எங்கே கட்டுப்படியாகும், எங்கே ஆகாது?

ஒரு கிலோ கிஸ்மிஸ் செய்ய நான்கு கிலோவுக்கும் மேல் திராட்சை வேண்டும். மிச்சம் மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட எடை முழுக்கத் தண்ணீர். அது ஆவியாகிப் போக வேண்டும். வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மாம்பழத்திலும் ஆப்பிளிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். நிறமும் மணமும் சத்தும் கெடாமல் இந்தத் தண்ணீரை வெளியே எடுப்பதுதான் பழம் உலர்த்தும் தொழில். அதற்கு ஆகும் நேரமும் எரிசக்தியுமே அந்தத் தொழிலின் லாப நட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

இந்தியாவுக்கு இது சின்ன விஷயமல்ல. மாம்பழ விளைச்சலிலும் வாழை விளைச்சலிலும் உலகில் முதலிடம் இந்த நாட்டுக்குத்தான். ஆனால் விளைந்ததெல்லாம் வாய்க்குப் போய்ச் சேர்வதில்லை. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்செய் பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம் 2015-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அறுவடை முதல் விற்பனை வரையிலான இழப்பு கொய்யாவில் 15.88 சதவீதம், ஆப்பிளில் 10.39, மாம்பழத்தில் 9.16, வாழையில் 7.76. விலை சரியும் வாரத்தில் பழத்தை உலர்த்தி வைக்க முடிந்தால் இதில் ஒரு பகுதியாவது காசாகும்.

இந்த இடத்தில்தான் அகச்சிவப்புக் கதிர் உலர்த்திகள் வருகின்றன. பாதி நேரத்தில் உலரும், மின்சாரம் மிச்சமாகும் என்பது விற்பவர்களின் வாக்குறுதி. அது எந்த அளவுக்கு உண்மை? கடந்த கால் நூற்றாண்டில் மைசூர், வார்சா, கலிபோர்னியா, பாங்காக் ஆய்வுக்கூடங்களில் நடந்த வேலைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் தெளிவான பதில் கிடைக்கிறது. வாக்குறுதி பொய்யல்ல, ஆனால் அது நிபந்தனைகளோடு வருகிறது. அந்த நிபந்தனைகளைத் தெரிந்துகொள்ளாமல் இயந்திரம் வாங்கினால் பணம் வீணாகும்.

சூடான காற்றின் குறை

முதலில் இன்றைய வழக்கத்தைப் பார்க்க வேண்டும். உலர்த்தல் துறையின் முன்னோடிகளில் ஒருவர் அருண் முஜும்தார். 'தொழில்துறை உலர்த்தல் கையேடு' என்ற பெருநூலை 1987-ல் தொகுத்து வெளியிட்டவர். தொழில் உலர்த்திகளில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வெப்பக் காற்றைக் கொண்டு இயங்குபவை என்பது அவருடைய மதிப்பீடு. 60 அல்லது 65 டிகிரிக்குச் சூடாக்கிய காற்றை விசிறி தட்டுகளின் மேல் ஓட்டுகிறது. பழத்துக்கு வெப்பம் கொடுப்பதும் அந்தக் காற்றுதான், பழத்திலிருந்து கிளம்பும் ஆவியைச் சுமந்து போவதும் அந்தக் காற்றுதான்.

குறை அங்கேதான் தொடங்குகிறது. காற்று வெப்பத்தை எளிதில் கைமாற்றாது. பழத்தின் மேற்பரப்பை ஒட்டி அசைவற்ற மெல்லிய காற்றுப் படலம் ஒன்று நின்றுகொண்டு வெப்பத்தைத் தடுக்கிறது. அதை உடைக்க விசிறியை வேகமாக ஓட்டினால், பாதிச் சூடு கூட இறங்காத காற்று புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். 60 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க இயற்பியல் கேட்பது சுமார் 2,360 கிலோஜூல், அதாவது 0.65 யூனிட் மின்சாரம். சாதாரண வெப்பக் காற்று உலர்த்திகள் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் செலவழிக்கின்றன. கூடுதலாகப் போனதெல்லாம் கட்டடத்தையும் ஊரையும் சூடாக்கியதுதான்.

கதிர் வேலை செய்யும் விதம்

1800-ல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்து அளந்தார். சிவப்புக்கு அப்பால், எந்த நிறமும் தெரியாத இடத்தில் வெப்பமானி அதிகம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் இப்படித்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. ஆனால் அடுப்படிக்கு அது எப்போதுமே தெரிந்த விஷயம். தணல்மேல் காட்டும் அப்பளம் தணலைத் தொடாமலே பொரிவது பெருமளவும் இந்தக் கதிரால்தான். தொழிற்சாலைக்குள் இது பெரிய அளவில் நுழைந்தது 1930-களில். ஃபோர்டு நிறுவனம் கார்களின் பெயின்டை உலர்த்த அகச்சிவப்பு விளக்குகளைப் பயன்படுத்தியது. பெயின்டுக்குப் பொருந்தியதை உணவுக்கு ஏற்றதாக மாற்றும் ஆராய்ச்சியில் சோவியத் பொறியாளர்களும் ஜப்பானியர்களும் பின்னர் முனைந்தார்கள். சோவியத் ஆய்வாளர் கின்ஸ்பர்க் எழுதிய உணவுத்துறை அகச்சிவப்பு நூல் 1969-லேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது.

கதிரின் சிறப்பு, இடையில் இருக்கும் காற்றைச் சூடாக்கி நேரத்தை வீணாக்காமல் நேரே பழத்தில் போய் விழுவது. விழுந்த கதிரைப் பழம் ஏற்றுக்கொள்கிறதா என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. தண்ணீர் மூலக்கூறு 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியும் 6 மைக்ரோமீட்டரை ஒட்டியும் கதிரை மிக வலுவாக உறிஞ்சுகிறது. பழத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் இந்த அலைநீளங்களில் வரும் கதிர் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது.

எந்த ஹீட்டர் எந்த அலைநீளத்தை அதிகம் வீசும் என்பதற்கு வீன் விதி இருக்கிறது. ஹீட்டரின் தனிவெப்பநிலையை (கெல்வின் அளவில்) எடுத்து 2,898-ஐ அதனால் வகுத்தால் உச்ச அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். 400 டிகிரி செல்சியஸில் இருக்கும் பீங்கான் ஹீட்டருக்கு அது 4.3. 700 டிகிரிக்கு ஏற்றினால் 3. வெள்ளையாக எரியும் ஹாலஜன் விளக்குக்கு 1.3 அளவில். சூடு ஏற ஏறக் கதிரின் அளவும் தாவி உயர்கிறது. அதே 400 டிகிரியிலிருந்து 700 டிகிரிக்குப் போகும்போது ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து கிளம்பும் கதிர் நான்கு மடங்குக்கும் மேலாகிவிடும். ஹீட்டரைச் சற்றே கூடுதலாக முறுக்கினாலும் பழம் கருகுவதற்கு இதுவே காரணம்.

ஆழமும் அலைநீளத்தோடு மாறும். சுத்தமான தண்ணீரில் 3 மைக்ரோமீட்டர் கதிர் சில மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. தோலின் மேல்படலத்தைத் தாண்டுவதில்லை. 1.2 மைக்ரோமீட்டர் கதிரோ ஒரு சென்டிமீட்டரை நெருங்கும் அளவுக்குப் போகிறது, ஆனால் அதில் ஒரு பங்கு உறிஞ்சப்படாமலே திரும்பிவிடும் அல்லது ஊடுருவிப் போய்விடும். எனவே 'அகச்சிவப்பு ஆழமாக ஊடுருவி உள்ளிருந்து சூடாக்குகிறது' என்று விளம்பரத்தில் வரும் வாசகத்தை அப்படியே ஏற்க முடியாது. உள்ளிருந்து சூடாக்குவது மைக்ரோவேவின் வேலை. அகச்சிவப்பு மேற்பரப்பைச் சூடாக்குகிறது. அங்கிருந்து வெப்பம் பழத்தின் வழியே மெதுவாகத்தான் உள்ளே கடக்கிறது. துண்டு மெல்லியதாக இருந்தால் மட்டுமே இந்த வேகம் பலன் தரும்.

நான்கு வகை ஹீட்டர்கள்

சந்தையில் கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம். ஹாலஜன் விளக்குகள் நொடிகளில் எரிந்து நொடிகளில் அணையும். கட்டுப்படுத்துவது எளிது, ஆனால் கண்கூசும் வெளிச்சமாகவும் மின்சாரம் போகும். குவார்ட்ஸ் குழாய் ஹீட்டர்கள் நடுத்தர அலைநீளம் தருபவை. ஒரு நிமிடத்துக்குள் சூடேறும். பீங்கான் ஹீட்டர்கள் நீண்ட அலைநீளத்துக்கு ஏற்றவை, விலை மலிவு, உழைப்பும் அதிகம். ஆனால் சூடேறச் சில நிமிடங்கள் ஆகும், அணைத்த பிறகும் நெடுநேரம் சூட்டை வீசிக்கொண்டே இருக்கும். அவசரமாக நிறுத்த வேண்டிய நேரத்தில் இது தொந்தரவு.

நான்காவது வகை, வினையூக்கி எரிவாயு ஹீட்டர். இயற்கை எரிவாயுவோ சமையல் எரிவாயுவோ பிளாட்டினம் பூசிய விரிப்பில் காற்றோடு சேர்ந்து சுடர் இல்லாமல் எரிகிறது. வெளிவரும் கதிர் பெரும்பாலும் 3 முதல் 7 மைக்ரோமீட்டர் வரை, தண்ணீருக்குப் பிடித்த எல்லைக்குள். நிலக்கரி மின்நிலையத்தில் எரிக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தை மறுபடி வெப்பமாக்குவதைவிட வாயுவை நேரடியாகக் கதிராக்குவது எரிபொருள் கணக்கில் மேல். கலிபோர்னியாவின் ஆல்பனி நகரில் உள்ள அமெரிக்க வேளாண் துறையின் மேற்கு மண்டல ஆய்வு மையம் பழ ஆராய்ச்சிக்கு இந்த வகையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த வகையானாலும் ஹீட்டருக்குப் பின்னால் பளபளப்பான அலுமினியத் தகடு வைப்பது அவசியம். பின்பக்கம் வீணாகப் போகும் கதிரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அது பழத்தின் பக்கம் திருப்பிவிடும். தட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகு வலை போதும். அடியிலிருந்தும் ஆவி வெளியேறும்.

தட்டில் நடப்பது

5 மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கிய வாழைப்பழத் துண்டுகளைப் பீங்கான் ஹீட்டருக்கு 15 சென்டிமீட்டர் கீழே ஒற்றை வரிசையாகப் பரப்பி வைத்ததாகக் கொள்வோம். முதல் சில நிமிடங்களில் துண்டுகளின் மேல் ஒரு மினுமினுப்பு வரும். நீர் மேலே கசிகிறது. மேற்பரப்பு வேகமாகச் சூடேறும், ஆனால் ஆவியாகும் தண்ணீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் ஓரளவுக்கு மேல் ஏறாது. அகச்சிவப்பின் பொற்காலம் இதுதான். ஹீட்டர் அனுப்பும் வெப்பம் ஏறக்குறைய முழுவதும் தண்ணீரை விரட்டவே செலவாகிறது.

பிறகு நிலைமை மாறுகிறது. உள்ளேயிருந்து நீர் மேலே வரும் வேகம் குறைகிறது. ஹீட்டரோ அதே அளவில் வெப்பத்தைக் கொட்டுகிறது. எடுத்துப்போக ஆவி இல்லாததால் மேற்பரப்பின் சூடு ஏறத் தொடங்கும். துண்டின் ஓரம் சுருண்டு எழும்பி ஹீட்டருக்கு இன்னும் பக்கத்தில் வரும். அந்த ஓரம்தான் முதலில் பழுப்பாகும். சர்க்கரை செறிந்த மேல்தோல் இறுகி, உள்ளே மிஞ்சிய ஈரத்துக்கு வழியடைத்துவிடும். வெளியே கருகலும் நடுவில் கொழகொழப்புமாக வரும் துண்டுகளுக்குக் காரணம் இந்த இரண்டாம் கட்டத்தைக் கவனிக்காமல் விடுவது.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட மருந்து மூன்று. ஹீட்டரை விட்டு விட்டு எரிப்பது ஒன்று. அணைந்திருக்கும் நேரத்தில் உள்ளீரம் மேலே வந்து பரவும். பழத்தின் மேற்பரப்புச் சூட்டை அளந்து அதற்கேற்ப ஹீட்டரைத் தானாகக் கூட்டிக் குறைப்பது இரண்டாவது. முதல் கட்டத்தோடு அகச்சிவப்பை நிறுத்திவிட்டு மீதியை வேறு முறையிடம் ஒப்படைப்பது மூன்றாவது. பலன் தந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வழியைத்தான் ஏதோ ஒரு வடிவத்தில் பின்பற்றியிருக்கின்றன.

காற்று வேண்டுமா, வேண்டாமா?

வார்சா வேளாண் பல்கலைக்கழகத்தில் நோவாக்கும் லெவிட்ஸ்கியும் ஆப்பிள் துண்டுகளை வைத்துச் செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. ஒத்த நிலைமைகளில் வெப்பக் காற்றைவிட அகச்சிவப்பு உலர்த்தும் நேரத்தை 50 சதவீதம் வரை குறைத்தது. அதைவிட முக்கியம் அவர்கள் கவனித்த இன்னொன்று. காற்றின் வேகத்தைக் கூட்டியபோது அகச்சிவப்பு உலர்த்தல் வேகம் குறைந்தது. வெப்பக் காற்று உலர்த்தியில் காற்றுதான் வெப்பத்தைக் கொண்டுவருகிறது, ஆகவே வேகம் கூடினால் நல்லது. அகச்சிவப்பில் பழம் காற்றைவிடச் சூடாக இருக்கிறது. வேகமான காற்று அதைக் குளிரவைக்கிறது.

அதற்காகக் காற்றையே நிறுத்திவிடவும் முடியாது. ஆவி அறைக்குள்ளேயே தங்கினால் உலர்த்தல் நின்றுபோகும். ஆவியை வெளியேற்றும் அளவுக்கு மட்டும் மெதுவான காற்று போதும். பழைய ட்ரையரின் கூண்டுக்குள் நான்கு அகச்சிவப்பு விளக்கை மாட்டிவிட்டு, அதே விசிறியை அதே வேகத்தில் ஓட்டுபவர்களுக்கு எதிர்பார்த்த பலன் கிடைக்காததற்கு விடை இங்கே இருக்கிறது.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சமநிலையை ஓர் இயந்திரமாகவே கட்டிப் பார்த்தது. உமேஷ் ஹெப்பார், விஸ்வநாதன், ரமேஷ் மூவரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், நகரும் பட்டையும் மூன்று அறைகளும் கொண்ட உலர்த்தியில் நடுத்தர அலைநீள ஹீட்டர்களையும் காற்றோட்டத்தையும் சேர்த்தார்கள். காற்று வெறும் 40 டிகிரி, வேகம் நொடிக்கு 1 மீட்டர். வெப்பம் கொடுக்கும் பொறுப்பு கதிருக்கு, ஆவியை அள்ளும் பொறுப்பு காற்றுக்கு. கேரட்டும் உருளைக்கிழங்கும் வெப்பக் காற்றில் ஆன நேரத்தைவிட 48 சதவீதம் குறைவான நேரத்தில் உலர்ந்தன. எரிசக்தியும் வெகுவாக மிச்சமானது. இயந்திரத்தின் எரிசக்தித் திறன் 38 சதவீதம். சோதித்தது காய்கள் என்றாலும் பாடம் பழத்துக்கும் பொருந்தும்.

கலப்பு முறைகள்

ஆல்பனி மையமும் டேவிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஜோங்லி பான் தலைமையில் செய்த வேலைகள் இத்துறையைப் பெரிதும் முன்னே கொண்டுசென்றன. ஆப்பிள் நறுக்கியதும் பழுப்பாவது நொதிகளால். அதைத் தடுக்க ஆலைகளில் துண்டுகளை வெந்நீரில் முக்கியோ நீராவியில் காட்டியோ எடுப்பார்கள். சத்தும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து போகும். துண்டு கூடுதல் ஈரத்தோடு ட்ரையருக்குள் வரும். மிஞ்சிய கழிவுநீரையும் சுத்திகரிக்க வேண்டும். பான் குழுவினர் அகச்சிவப்பாலேயே நொதியை முடக்கி, அதே நேரத்தில் உலர்த்தலையும் தொடங்கினார்கள். 5, 9, 13 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளைச் சதுர மீட்டருக்கு 3,000 முதல் 5,000 வாட் வரையிலான கதிரில் வைத்துப் பார்த்தார்கள். நல்ல வெயிலின் உச்சத்தில் தரைக்கு வருவது சுமார் 1,000 வாட் என்பதோடு ஒப்பிட்டால் இதன் கடுமை விளங்கும். மெல்லிய துண்டில் நொதிகள் விரைவாக அடங்கின, ஈரமும் வேகமாக இறங்கியது. தொடர்ந்து எரித்தபோது மேற்பரப்பு பழுப்பாகிப்போனதால், அடுத்த ஆய்வில் மேற்பரப்பை 70, 75, 80 டிகிரிகளில் நிறுத்தி, விட்டு விட்டு எரித்தார்கள்.

வாழைப்பழத்தில் அதே குழு இன்னொரு வழியைச் சோதித்து 2008-ல் வெளியிட்டது. முதலில் அகச்சிவப்பில் துண்டுகளின் எடையில் ஒரு பகுதியைக் குறைத்து, பிறகு உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் முறை. உறைபதன உலர்த்தலில்தான் பழம் மொறுமொறுப்பாக வரும். ஆனால் அது மணிக்கணக்கில், சில பழங்களுக்கு ஒரு நாளுக்கும் மேல் பிடிப்பது. இயந்திரமும் மின்சாரமும் விலை அதிகம். அந்த இயந்திரத்துக்குள் போகும் தண்ணீரை முன்கூட்டியே மலிவான வழியில் குறைத்துவிட்டால் செலவும் நேரமும் இறங்கும். வாழைத் துண்டுகளை முன்னதாக அமிலக் கரைசலில் முக்கி எடுத்தது நிறத்தையும் காத்தது.

தாய்லாந்தில் தோன்புரி மன்னர் மோங்குட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் வேறொரு கோணத்தில் அணுகினார்கள். சக்கமோன் தேவஹஸ்தின் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் குறைந்த மீவெப்ப நீராவியோடு நீண்ட அலை அகச்சிவப்பைச் சேர்த்து வாழைத் துண்டுகளை உலர்த்தினார்கள். காற்றே இல்லாத சூழல் என்பதால் பிராணவாயு பட்டு நிறம் மங்கும் வாய்ப்பு குறைவு. எண்ணெயில் பொரிக்காமலே மொறுமொறுப்பான வாழைத் துண்டு கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் குறி. அதே பல்கலைக்கழகத்தில் லாங்கன் பழத்தை வைத்து 2010-ல் வந்த ஆய்வில், வெப்பக் காற்றோடும் வெப்ப விசையக (ஹீட் பம்ப்) உலர்த்தியோடும் அகச்சிவப்பைச் சேர்த்தபோது பழம் வேகமாக உலர்ந்தது. உள்ளே நுண்துளைகள் கூடி, சுருக்கமும் கடினமும் குறைந்தன.

பழக்கூழை உலர்த்துவது தனி உலகம். யாழ்ப்பாணத்தில் பனம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டு செய்கிறார்கள். ஆந்திரத்தில் மாம்பழக் கூழைப் படலம் படலமாக ஊற்றி மாமிடி தாண்ட்ரா செய்கிறார்கள். இரண்டுமே நாட்கணக்கில் வெயிலையும் ஈயையும் தூசியையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய வேலை. 1986-ல் ரிச்சர்ட் மகூன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 'ரிஃப்ராக்டன்ஸ் விண்டோ' முறையில், 95 டிகிரி வரை சூடான தண்ணீரின் மேல் மிதக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் கூழைப் பரப்புகிறார்கள். மெல்லிய கூழ் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். நிறமும் சத்தும் நன்றாகத் தங்கும். படலத்தின் வழியே அகச்சிவப்பு ஊடுருவுவதுதான் இதன் ரகசியம் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. பின்வந்த அளவீடுகள் பெரும்பகுதி வெப்பம் தொடுகை வழியாகவே போகிறது, கதிரின் பங்கு சிறிதே என்று காட்டின. முறை நல்ல முறைதான். அதை அகச்சிவப்பு உலர்த்தல் என்ற பெயரில் விற்பதுதான் சரியில்லை.

வெயிலும் ஓர் அகச்சிவப்பு ஹீட்டரே

பூமிக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்பு. அதற்கு மின்கட்டணம் கிடையாது. எனவே எந்த அகச்சிவப்பு இயந்திரத்தையும் முதலில் சோலார் ட்ரையரோடு ஒப்பிட வேண்டும். தாய்லாந்தின் பிட்சனுலோக் மாகாணத்தில் உள்ள பாங் கிரதும் வட்டாரம் உலர் வாழைப்பழத்துக்குப் பெயர்போனது. சில்பகோர்ன் பல்கலைக்கழகத்தின் செர்ம் ஜன்ஜாய் குழு பாலிகார்பனேட் கூரை போட்ட வளைகூரை சோலார் உலர்த்திகளை வடிவமைத்து அந்நாட்டுச் சிறு உற்பத்தியாளர்களிடம் கொண்டு சேர்த்தது. 2009-ல் வெளியான அளவீட்டில் திறந்த வெயிலில் 5, 6 நாள் பிடித்த வாழைப்பழம் இதற்குள் 4 நாளில் உலர்ந்தது. மழையும் பூச்சியும் அண்டவில்லை.

வெயிலின் குறை, அது மாலையில் போய்விடுவது. மூடிய வானத்தில் பாதி உலர்ந்த பழம் இரவெல்லாம் ஈரத்தோடு கிடந்தால் பூசணம் பிடிக்கும். பூசணத்தைத் தடுக்கப் பழத்தின் நீர்ச்செயல்பாடு (நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஈரத்தின் அளவுகோல்) 0.6 என்ற அளவை ஒட்டி இறங்க வேண்டும். பாதியில் நின்ற பழத்தை அந்த எல்லைக்குக் கொண்டுபோகும் வரை காத்திருக்க நேரமில்லாத நாட்களில், சோலார் ட்ரையருக்குள் கட்டிய சிறிய அகச்சிவப்பு வரிசை மிகப் பயன்படும். குறைந்த சூட்டில், விட்டு விட்டு எரியும்படி வைத்தால் போதும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

உரித்த வாழைப்பழம் 100 கிலோ. அதில் 75 கிலோ தண்ணீர், 25 கிலோ உலர்பொருள். ஈரம் 20 சதவீதமாகும் வரை உலர்த்தினால் கையில் மிஞ்சுவது சுமார் 31 கிலோ. வெளியேற வேண்டிய தண்ணீர் 69 கிலோ. இயற்பியல் கேட்கும் குறைந்தபட்சம் 45 யூனிட். மைசூர் இயந்திரத்தை ஒட்டி 40 சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டால் சுமார் 113 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று எடுத்தால் ஏறத்தாழ 900 ரூபாய்; உலர்ந்த பழம் கிலோவுக்கு 29 ரூபாய் மின்செலவு. நல்ல விலைக்குப் போகும் சரக்குக்கு இது தாங்கும்.

ஆனால் இடத்தின் கணக்கு வேறு. 5 மில்லிமீட்டர் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினால் சதுர மீட்டருக்கு 4 கிலோ அளவுதான் பிடிக்கும். 100 கிலோவுக்கு 25 சதுர மீட்டர் தட்டுப்பரப்பு. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 4,000 வாட் கதிர் வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் 100 கிலோவாட் இணைப்பு தேவைப்படும். சிறு தொழிலுக்கு அது எட்டாத இணைப்பு. வெப்பக் காற்று உலர்த்தியில் தட்டுகளை அடுக்கடுக்காக ஏற்றலாம். கதிர் நேர்கோட்டில் போவதால் ஒவ்வொரு தட்டுக்கும் தனி ஹீட்டர் வேண்டும். சிறு தொழில் செய்பவர்கள் 4 சதுர மீட்டரில் 16 கிலோ வீதம் பல தவணையாக ஓட்டுவதே நடைமுறை.

இன்னொரு எல்லையும் உண்டு. ஒரு யூனிட் மின்சாரத்தை நேரடியாக வெப்பமாக்கும் எந்த இயந்திரமும் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க முடியாது, 0.65 யூனிட் என்ற எண்ணைத் திருப்பிப் போட்டால் வருவது அதுதான். அகச்சிவப்புக்கும் அதே விதி. வெப்ப விசையக உலர்த்தி அந்த எல்லையைத் தாண்டும். வெளியேறும் ஆவியிலுள்ள வெப்பத்தை மீட்டு மறுபடி பழத்துக்கே கொடுப்பதால் ஒரு யூனிட்டுக்கு 2, 3 கிலோ வரை எடுக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஆகவே 'மின்சாரச் சிக்கனம்' மட்டுமே குறி என்றால் வெப்ப விசையகம்தான் முதலில் வர வேண்டும். அகச்சிவப்பின் உண்மையான பலம் வேகமும் தரமும். லாங்கன் ஆய்வு இரண்டையும் சேர்த்துப் பார்த்தது இதனால்தான்.

எதற்குப் பொருந்தும்?

மெல்லியதாக நறுக்கக்கூடிய வாழை, ஆப்பிள், மாம்பழம், அன்னாசி, கொய்யா ஆகியவற்றுக்கு அகச்சிவப்பு நன்றாகப் பொருந்தும். விலை உயர்ந்த மொறுமொறு தின்பண்டத்துக்கும், உறைபதன உலர்த்தலின் முன்கட்டத்துக்கும் இன்னும் நன்றாகப் பொருந்தும். மகாராஷ்டிரத்தின் சாங்லி, தாஸ்கான் பக்கம் நிழலில் கொடிகட்டிய பரண்களில் இரண்டு மூன்று வாரம் உலரும் கிஸ்மிஸ் போன்ற குவியல் சரக்குக்குப் பொருந்தாது. முழு திராட்சையின் தோலில் மெழுகு இருக்கிறது. அதைக் கரைக்கும் கார முக்கலும் எண்ணெயும் இல்லாமல் எந்தக் கதிரும் உள்ளீரத்தை வேகமாக எடுக்காது. விலை குறைந்த அந்தச் சரக்குக்குப் பரணும் காற்றுமே சரி.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுங்காலம் கடும் அகச்சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்த கண்ணாடி ஊதும் தொழிலாளர்களுக்குக் கண்புரை வந்தது பழைய மருத்துவ வரலாறு. உலர்த்திக்கு மறைப்புத் தகடும் வேலையாளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம், தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம். குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்காக ஒன்றிய அரசு 2020-ல் தொடங்கிய திட்டம், இயந்திர முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று வகுக்கப்பட்டது. மானியம் கிடைக்கிறது என்பதற்காக இயந்திரம் வாங்கக் கூடாது. பூவன், கற்பூரவல்லி, நேந்திரன் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிமீட்டர் துண்டு, எத்தனை வாட், எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்ற அட்டவணை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் கையில் தமிழில் இருக்க வேண்டும். அதைத் தயாரித்துத் தருவது ஆய்வு நிறுவனங்களின் கடமை.

வாங்குபவர்கள் விற்பவரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும். உங்கள் இயந்திரம் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க எத்தனை யூனிட் எடுக்கிறது? என் பழத்தை, என் கண் முன்னால், ஈரம் 20 சதவீதமாகும் வரை உலர்த்திக் காட்ட முடியுமா? மேற்பரப்புச் சூட்டை அளந்து ஹீட்டரைத் தானாகக் குறைக்கும் அமைப்பு இருக்கிறதா? முதல் கேள்விக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவான எண்ணும், மற்ற இரண்டுக்கும் ஆம் என்ற பதிலும் கிடைத்தால் அந்த இயந்திரத்தை நம்பி வாங்கலாம்.